முகச் சிவப்பும் மருந்துக்கடைக் களிம்பும்

கன்னத்திலும் மூக்கிலும் அடிக்கடி எரிச்சல், சூடு, சிறு கொப்புளங்கள். வெயிலில் போனால் அதிகம், காரம் தின்றால் அதிகம். இது ரோசேசியா என்னும் நாட்பட்ட தோல் நோயாக இருக்கலாம். பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு வருவது. இது தொற்று நோயன்று. முகம் கழுவாததால் வருவதும் அன்று.

“அது வெள்ளைக்காரர் நோய்” என்று பலரும் நினைப்பது தவறு. இயற்பியல் காரணம் எளியது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அளவுள்ள பச்சை, மஞ்சள் ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது; எஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்குத் திரும்புகிறது. ஆனால் இரத்தக் குழாய்களுக்கு மேலே, தோலின் வெளியடுக்கில் மெலனின் இருக்கிறது. ஒளி போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அதைக் கடக்க வேண்டும். ஆகவே நம்மவர் முகத்தில் சிவப்பு மங்கிப் பழுப்பாகவே தெரிகிறது. நோய் இருக்கிறது, நிறந்தான் மறைகிறது. (தெளிந்த கண்ணாடித் தகட்டால் மெல்ல அழுத்தினால் இரத்தம் விலகி நிறம் வெளுக்கும், மெலனின் கறையானால் வெளுக்காது. மருத்துவர்களின் பழைய உத்தி இது.)

ஆனைமலையில் தோப்பு வேலைக்குப் போகிறவர்களும், கொப்பரையருகே நின்று கரும்புப் பாகு காய்ச்சுகிறவர்களும் இந்த எரிச்சலை “சூட்டுக் கொப்புளம்” என்று தள்ளிவிடுகிறார்கள். பிறகு மருந்துக்கடையில் ஒரு களிம்பு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சில நாளில் முகம் தெளிந்துவிடும். “அற்புத மருந்து” என்று தோன்றும். நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். மீண்டும் தடவத் தோன்றும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரோசேசியா இல்லாதவருக்கும் அதே போன்ற நோய் வரும். முகப்பருவுக்கும் நிறம் வெளுக்கவும் தடவும் உங்கள் வயதினருக்குத்தான் இந்த ஆபத்து மிகுதி.

2011-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, முகத்தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பு தடவியிருந்ததைக் காட்டியது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென விதித்தது. நல்ல விதிதான். ஆனால் சீட்டைக் கேட்காத கடைக்காரரும், கொடுக்காமலே வாங்கும் நாமும் இருக்கும்வரை அது காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

ரோசேசியாவை அடியோடு ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம். உச்சி வெயிலில் குடையோ தொப்பியோ வேண்டும். முகத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. எந்த உணவு தூண்டுகிறதென்று குறித்து வரலாம். மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் முதலிய மருந்துகளை மருத்துவர்தாம் தர வேண்டும்.

ஏற்கெனவே களிம்பு தடவி வருபவர் வீட்டில் இருந்தால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். எப்படி நிறுத்துவதென அவர் சொல்வார். களிம்புக் குழாயையும் மறவாமல் எடுத்துப் போங்கள்.