கம்பளி நூலும் கருத்துச் சுதந்திரமும்: வாசலை மூடும் அதிகாரம் யாருக்கு?

2019 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவில் இயங்கும் ராவெல்ரி என்ற இணையத்தளம் தனது அங்கத்தவர்களுக்கு ஓர் அறிவித்தலை விடுத்தது. அரசியல் கட்சி ஒன்றினதோ செய்தி நிறுவனம் ஒன்றினதோ தளமல்ல அது. ஊசிப் பின்னலிலும் குரோஷே பின்னலிலும் ஈடுபாடு கொண்டோர் தமது வேலைகளைக் காட்டவும், பின்னல் மாதிரிகளை வாங்கி விற்கவும், ஒருவரோடொருவர் உரையாடவும் 2007 இல் ஒரு தம்பதியினர் ஆரம்பித்த தளமாகும். அன்றைய ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்பையும் அவரது நிர்வாகத்தையும் ஆதரிக்கும் எந்தவொரு பதிவும் இனித் தளத்தில் அனுமதிக்கப்படாது என்பதே அறிவித்தலின் சாரம். கலந்துரையாடல்கள், மாதிரிகள், அங்கத்தவர்களின் அறிமுகப் பக்கங்கள் அனைத்துக்கும் இத்தடை பொருந்தும் எனவும் கூறப்பட்டது.

அந்நேரத்தில் அத்தளத்தில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தனர். தொப்பியும் காலுறையும் பின்னுவோரிடையே எழுந்த பூசல் என்று இதனைப் புறந்தள்ளிவிட முடியாது. ஒன்றரை ஆண்டுகள் கழிந்ததும் இதே வினா பேஸ்புக், ட்விட்டர் போன்ற பெரும் நிறுவனங்களின் முன்னால் வந்து நின்றது. ஐந்து ஆண்டுகளின் பின்னர் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன்னாலும் அதன் மறுவடிவம் வந்து நின்றது. பலர் கூடும் ஓர் இடத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதே அந்த வினா.

முதலில், விதி என்ன கூறியது என்பதை நோக்குவது அவசியமாகும். ட்ரம்ப் நிர்வாகத்துக்கு ஆதரவளிப்பதென்பது வெள்ளையின மேலாதிக்கத்துக்கு ஆதரவளிப்பதே என்றும், அனைவரையும் உள்வாங்கும் ஓர் இடத்தில் அதற்கு இடமளிக்க இயலாது என்றும் தளத்தின் நிர்வாகிகள் வாதிட்டனர். அதேவேளை, தாம் ஜனநாயகக் கட்சியை ஆதரிக்கவோ குடியரசுக் கட்சியினரைத் தடை செய்யவோ இல்லை எனவும் அவர்கள் தெளிவுபடுத்தினர். ட்ரம்பின் ஆதரவாளர்கள் தளத்தில் தொடர்ந்தும் இருக்கலாம். அந்த ஆதரவை அங்கு வெளிப்படுத்தக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பழைமைவாதிகளைச் சீண்டி வெளியேற்ற இவ்விதியை ஆயுதமாக்கக்கூடாது என்றும், தடைக்குள்ளாகும் ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய மாதிரிகளை இழக்க நேராது என்றும் உறுதியளிக்கப்பட்டது. இவ்விதியின் வாசகங்கள் பெருமளவில், 2018 ஒக்டோபரில் இதேபோன்ற தடையை விதித்திருந்த பாத்திரமேற்று விளையாடுவோரின் தளம் ஒன்றிலிருந்து பெறப்பட்டவை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பின்னல் வேலைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது பலர் கேட்டனர். வரலாறு அறிந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த 1760 களிலும் 1770 களிலும் பெண்கள் கூட்டமாக அமர்ந்து நூல் நூற்றதே, இறக்குமதித் துணியைப் புறக்கணிக்கும் போராட்டமாக இருந்தது. நாஸிகளின் ஆக்கிரமிப்பின் கீழிருந்த நோர்வேயில் சிவப்புக் கம்பளித் தொப்பி எதிர்ப்பின் அடையாளமாக மாறியபோது, 1942 இல் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அதனை அணிவதற்கே தடை விதித்தது. இராட்டையை அரசியல் சின்னமாக்கிய காந்தியின் நாட்டுக்கு அயலில் வாழும் நமக்கு இது புதிதான செய்தியல்ல.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2017 ஜனவரி 21 ஆம் திகதி, ட்ரம்ப் பதவியேற்ற மறுநாள், வொஷிங்டனிலும் ஏனைய நகரங்களிலும் இடம்பெற்ற பெண்கள் பேரணியில் இளஞ்சிவப்பு நிறக் கம்பளித் தொப்பிகள் கடல்போல் திரண்டன. அவற்றுட் பெரும்பாலானவை வீடுகளில் கையால் பின்னப்பட்டவை. அத்தொப்பிக்கான மாதிரி இணையம் வழியாகவே நாடெங்கும் பரவியது. பின்னர் மறுதரப்பினரும் அதே வழியைப் பின்பற்றினர். மெக்சிக்கோ எல்லையில் மதில் எழுப்ப வேண்டும் என்ற ட்ரம்பின் கோஷத்தைத் தாங்கிய தொப்பி மாதிரிகளும் வெளியாகின. 2019 இன் ஆரம்பத்திலிருந்தே பின்னல் சமூகத்தினுள் நிறவெறி குறித்த கசப்பான விவாதம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. வெள்ளையரல்லாத பின்னற்கலைஞர்கள் தாம் கடைகளிலும் கூட்டங்களிலும் எதிர்கொண்ட அவமதிப்புகளைப் பகிரங்கமாகப் பேசத் தொடங்கியிருந்தனர். ஜூன் மாத அறிவித்தலை இந்தப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

சட்டத்தைப் பொறுத்தவரை விடயம் ஓரளவு தெளிவானது. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் அரசாங்கம் பேச்சுரிமையைப் பறிப்பதையே தடுக்கிறது; தனியார் தனது இல்லத்தில் விதிக்கும் ஒழுங்கை அது கட்டுப்படுத்துவதில்லை. ராவெல்ரியின் அறிவித்தலுக்கு ஆறு நாட்களுக்கு முன்னர், 2019 ஜூன் 17 ஆம் திகதி, நியூயோர்க்கின் பொதுப் பயன்பாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் இதனையே மீண்டும் வலியுறுத்தியிருந்தது. பிறரது பேச்சுக்கு இடமளிப்பதனால் மட்டும் ஒரு தனியார் அமைப்பு அரசின் கரமாகிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மேலும், 1996 ஆம் ஆண்டின் தொடர்பாடல் ஒழுக்கச் சட்டத்தின் 230 ஆவது பிரிவு, ஆட்சேபனைக்குரியவை எனக் கருதுபவற்றை நல்லெண்ணத்துடன் நீக்கும் இணைய நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு வழங்குகிறது.

எனினும், சட்டப்படி செய்யக்கூடியது என்பதனால் ஒரு செயல் சரியானதாகிவிடாது. ஆகையால் இரு தரப்பு வாதங்களையும் எடைபோட வேண்டியுள்ளது.

தடையை ஆதரித்தோரின் வலுவான வாதம் இதுதான்: எவரையும் வெளியேற்றாத நடுநிலை என்று ஒன்று இல்லை. ஒருவரது இருப்பையே மறுக்கும் பேச்சுக்கு இடமளித்தால் அவர் தானாகவே வெளியேறிவிடுவார். அந்த வெளியேற்றம் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. 2017 ஜனவரியில் ஏழு முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளின் பிரஜைகள் அமெரிக்காவுக்குள் நுழைய விதிக்கப்பட்ட தடையையும், 2018 இல் எல்லையில் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டதையும் நினைத்துப் பார்த்தால் இவ்வாதத்தின் கனம் புரியும். தனது தாயை விமான நிலையத்தில் வரவேற்க முடியாமற்போன ஒரு யெமன் நாட்டுப் பெண்ணுக்கு, அந்தத் தடையைப் போற்றும் வாசகம் பொறித்த தொப்பி வெறும் அரசியல் கருத்தாகத் தோன்றாது.

எதிர்வாதமும் இலகுவில் ஒதுக்கிவிடக் கூடியதல்ல. 2016 இல் ட்ரம்புக்கு வாக்களித்தோர் சுமார் 6 கோடி 30 இலட்சம் பேர். 2020 இல் தோல்வியடைந்தபோதும் 7 கோடி 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தனர். இத்தனை பேரின் தெரிவும் இனவெறி என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுமா? வரிக்கொள்கைக்காகவோ தொழிற்சாலைகள் மூடப்பட்ட கோபத்திலோ கருக்கலைப்பு குறித்த மத நம்பிக்கையினாலோ வாக்களித்தவரும் அவர்களுள் இருந்தனர். ராவெல்ரியின் விதி ஒரு செயலைத் தடை செய்யவில்லை. ஒரு பெயரைத் தடை செய்தது. இன்ன இனத்தவரை இழிவுபடுத்தாதே என்பது நடத்தை பற்றிய விதி. இன்ன தலைவரை ஆதரிக்காதே என்பது விசுவாசம் பற்றிய விதி. முன்னையது எல்லோருக்கும் ஒரே அளவுகோல். பின்னையது ஒரு சாராருக்கு மட்டுமான அளவுகோல். இரண்டுக்கும் இடையிலான தூரம் சிறிதாகத் தோன்றினும், அத்தூரத்தைக் கடந்தவர் திரும்பி வருவது கடினம்.

இனி, அளவு பற்றிய கேள்வி எழுகிறது. சிறியதொரு சங்கம் தனக்கு விருப்பமான விதியை வகுத்துக்கொள்ளலாம், பிடிக்காதவர் வேறிடம் செல்லலாம் என்று கூறுவது நியாயமானதே. ஆனால் ராவெல்ரி பின்னல் உலகில் சிறிய தளமன்று. மாதிரிகளை வடிவமைத்து விற்று வருவாய் தேடும் பலருக்கு அதுவே பிரதான சந்தை. ஆகவே ஓர் இடம் சிறியதா பெரியதா என்பதை அங்கத்தவர் தொகையைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அந்த வாசல் மூடப்பட்டால் வேறு வாசல் உண்டா என்பதே சரியான அளவுகோலாகும்.

இந்த அளவுகோல் 2021 ஜனவரியில் உலகளாவிய முக்கியத்துவம் பெற்றது. வொஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதையடுத்து, பேஸ்புக் 7 ஆம் திகதி ட்ரம்பின் கணக்கைக் காலவரையறையின்றி இடைநிறுத்தியது. ட்விட்டர் 8 ஆம் திகதி நிரந்தரமாக நீக்கியது. ட்ரம்பின் நண்பர் என்று எவராலும் கூறமுடியாத ஜேர்மனியின் அப்போதைய சான்ஸ்லர் அங்கெலா மேர்க்கெல் கூட, நிறுவன நிர்வாகங்கள் இத்தகைய முடிவை எடுப்பது பிரச்சினைக்குரியது என்றே கருதினார். பேஸ்புக்கின் மேற்பார்வைச் சபை 2021 மே மாதம் இடைநிறுத்தத்தைச் சரியென ஏற்றபோதிலும், முன்கூட்டி வகுத்த நியமம் எதுவுமின்றிக் காலவரையறையற்ற தண்டனை விதித்தது தவறு எனச் சுட்டிக்காட்டியது.

அதன்பின் நடந்தவை கவனத்துக்குரியவை. 2022 ஒக்டோபரில் ட்விட்டரை இலோன் மஸ்க் வாங்கினார். நவம்பரில் ட்ரம்பின் கணக்கு மீண்டது. 2023 இல் பேஸ்புக்கும் அவரை மீள அனுமதித்தது. அவர் இரண்டாவது தடவையாகப் பதவியேற்ற 2025 ஜனவரியில், பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அமெரிக்காவில் தகவல் சரிபார்ப்புத் திட்டத்தைக் கைவிட்டதுடன், கணக்கு இடைநிறுத்தம் தொடர்பாக அவர் தொடுத்த வழக்கை 2 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்தி முடித்துக்கொள்ளவும் இணங்கியது. உரிமையாளர் மாறினால் விதி மாறுகிறது. ஆட்சி மாறினாலும் விதி மாறுகிறது. கொள்கையென முன்வைக்கப்பட்டது காற்றடிக்கும் திசையறிந்து திருப்பப்பட்ட பாய்மரமோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

அப்படியாயின் அரசு தலையிட்டு இதனை ஒழுங்குபடுத்தலாமா? டெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்கள் 2021 இல் அதற்கான சட்டங்களை இயற்றின. அரசியல் கருத்துகளை நீக்கும் பெரும் தளங்களின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது அவற்றின் நோக்கமாகும். 2024 ஜூலை 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவ்விரு வழக்குகளையும் மறுபரிசீலனைக்காகக் கீழ் நீதிமன்றங்களுக்குத் திருப்பியனுப்பியது. பிறரது பேச்சுகளுள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது எனத் தெரிவு செய்வதும் ஒரு வெளிப்பாட்டுச் செயலே என்றும், கருத்துச் சந்தையைச் சமப்படுத்துவதாகக் கூறி அரசு அதில் கைவைக்க முடியாது என்றும் பெரும்பான்மை நீதியரசர்கள் குறிப்பிட்டனர்.

இலங்கையில் வாழும் நாம் இவ்விவாதத்தின் இரு முனைகளையும் அனுபவித்தவர்கள். 2018 மார்ச்சில் திகனயிலும் கண்டியின் ஏனைய பகுதிகளிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்பூட்டும் சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் தடையின்றிப் பரவின. அந்நிறுவனம் 2020 மே மாதத்தில்தான் அதற்காக மன்னிப்புக் கோரியது. மட்டுறுத்துவோர் இல்லாத இடத்தில் யார் வீடு எரிகிறது என்பதை நாம் கண்டோம். மறுபுறம், அந்நாட்களில் அரசாங்கம் சமூக வலைத்தளங்கள் சிலவற்றை முடக்கியதையும், 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, பொய்யான கூற்று எதுவெனத் தீர்மானிக்கும் அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவொன்றின் கைக்குச் செல்வது குறித்து எழுந்த அச்சத்தையும் கண்டோம். அளவற்ற சுதந்திரமும் அளவற்ற அதிகாரமும் ஈற்றில் ஒரே தரப்பினரையே, அதாவது எண்ணிக்கையில் குறைந்தோரையே, தாக்குகின்றன.

எனவே ராவெல்ரியின் முடிவை வரவேற்பதா கண்டிப்பதா என்பதைவிட, அதிலிருந்து கற்பது என்ன என்பதே பயனுள்ள வினாவாகும். அத்தளம் சில விடயங்களைச் சரியாகச் செய்தது. விதியை மறைக்கவில்லை, காரணத்தைப் பகிரங்கமாகக் கூறியது, வெளியேறுவோரின் உடைமையைப் பறிக்கவில்லை, எதிர்த்தரப்பினரைச் சீண்டுவதையும் தடுத்தது. பல கோடி டொலர் வருமானமீட்டும் நிறுவனங்கள் பல இந்த நேர்மையைக் கூடக் காட்டவில்லை. அது தவறியது ஓரிடத்தில்: செயலுக்குப் பதிலாக ஆளைக் குறிவைத்தது. இனவெறியையும் குடிவந்தோர் மீதான வெறுப்பையும் தெளிவாக வரையறுத்து, அவற்றை எவர் வெளிப்படுத்தினாலும் நீக்குவோம் என்று கூறியிருந்தால், பாதுகாக்க விரும்பியவர்களையும் பாதுகாத்திருக்கலாம். அளவுகோலும் கோணாமல் இருந்திருக்கும்.

இன்று ஒரு தலைவரின் ஆதரவாளருக்கு எதிராக வகுக்கப்படும் விதி, நாளை வேறொருவரின் கையில் வேறொரு பெயரை ஏந்தி நிற்கும். அந்தப் பெயர் தமது தலைவருடையதாகவோ தமது சமூகத்துடையதாகவோ இருக்க முடியாது என்று எண்ணும் நிலையில் சிறுபான்மையினர் எந்த நாட்டிலும் இல்லை. ஆகையால் தமக்கு வேண்டாதவரை வெளியேற்றும் விதியொன்று வகுக்கப்படும் வேளையில், அதே விதி தம்மீது பிரயோகிக்கப்பட்டால் அதனை நீதியென ஏற்போமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்களும் அவர்களே.