தோத்தது டீம், திட்டு வாங்குறது தலைமயிரா?

எரிக் டென் ஹாக் மென்செஸ்டர் யுனைட்டட் மேனேஜரா இருந்த காலத்துல, கண்டி டவுன்ல எந்தத் தேத்தண்ணிக் கடையில மேட்ச் பார்த்தாலும் அவர் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "மொட்டை" அவ்வளவுதான். ஒரு கோல் வாங்கினா "மொட்டையைத் தூக்கு!" அந்த மனுஷன் 2023ல லீக் கப், 2024ல எஃப்.ஏ. கப் வாங்கிக் கொடுத்தவர். மிட்ஃபீல்ட் ஓட்டையா இருந்துச்சா, திட்டுங்க. வாங்கின பிளேயர் சரியில்லையா, அதுக்கும் திட்டுங்க. முடி கொட்டினதுக்கும் டிஃபன்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்?

இந்த நோய் ரசிகர்கள் வாயில மட்டும் ஆரம்பிச்சதில்லை. பெரும்பாலும் இங்கிலாந்துப் பத்திரிகைக்காரங்க ஊட்டிவிட்டது. 1992 யூரோவுல இங்கிலாந்து ஸ்வீடன்கிட்ட 2-1னு தோத்துச்சு. மறுநாள் 'த சன்' மேனேஜர் கிரஹம் டெய்லரோட தலையை ஒரு கிழங்கா மாத்திப் படம் போட்டுச்சு. அன்னையிலிருந்து அவர் "டர்னிப்". வாட்ஃபோர்டை நாலாவது டிவிஷன்ல இருந்து அஞ்சே வருஷத்துல முதல் டிவிஷனுக்குத் தூக்கிட்டு வந்தவர் அவர்! யாருக்கு ஞாபகம்? 2017ல அவர் செத்த செய்தியிலயும் அந்தக் கிழங்கு வந்து நின்னுச்சு.

2007 நவம்பர்ல வெம்ப்ளியில மழை. அப்போ இங்கிலாந்து மேனேஜரா இருந்த ஸ்டீவ் மக்லாரன் குடை பிடிச்சிட்டு நின்னார், குரோஷியாகிட்ட 3-2 தோல்வி, மறுநாள் வேலை போச்சு. இன்னைக்கும் அவர் "குடைக்காரக் கோமாளி"தான். 2012ல இங்கிலாந்து மேனேஜரா வந்த ரோய் ஹொட்ஜ்சனுக்கு 'ர' எழுத்து சரியா வராதுன்னு அதையே தலைப்பாக்கிச் சிரிச்சாங்க. பேச்சுல இருக்கிற ஒரு தடங்கல் கூடவா கேலி?

சரி, வெள்ளைக்காரன் கதை நமக்கெதுக்குன்னு கேப்பீங்க. சொல்றேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி போகம்பறை மைதானத்துல சின்னப் பையன்களோட ஃபுட்போல் மேட்ச். ஒரு டீமோட கோச் தேயிலைத் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவர். சம்பளம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. பையன்களோட பஸ் காசு, வாழைப்பழம் எல்லாம் அவர் பொக்கெட்ல இருந்துதான். ரெண்டாவது கோல் விழுந்ததும் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்ன ஒரு தகப்பன் கத்துறார்: "ஏய் தோட்டக்காட்டான், ஆளை மாத்துடா!" சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. கோச் திரும்பிப் பார்க்கல. குனிஞ்சு ஒரு பையனோட பூட்ஸ் லேஸைக் கட்டிவிட்டார். அந்தப் பையனோட அம்மாவும் கொழுந்து பறிக்கிறவதான். அவன் காதுலயும் விழுந்திருக்கும்ல?

எனக்கு வயிறு எரிஞ்சு போச்சுங்க. இது கிரிக்கெட் வீரர் முரளி பிறந்த ஊர்! 1995 பொக்ஸிங் டே டெஸ்ட்ல அம்பயர் டெரல் ஹெயார், முரளி பந்தை எறியிறார்னு ஏழு தடவை நோ-போல்னு கை நீட்டினதுக்கு அப்புறம், ஆஸ்திரேலியாவுல முரளி எங்க போனாலும் கூட்டம் "நோ-போல்"னு கத்துச்சு. பிறவியிலேயே நேரா நீட்ட முடியாத கை அது. 2004ல அந்த நாட்டுப் பிரதமர் ஜோன் ஹவார்டே அவர் எறியிறார்னு வாய் விட்டார். அன்னைக்குக் கண்டியில கொதிக்காத வீடு உண்டா? ஒருத்தனோட உடம்பைக் கேலி பண்றது அநியாயம்னு நமக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்துச்சே. அதே முரளி மலையகத் தமிழர்தான், 800 விக்கெட் எடுத்தவர். அவரைத் தலையில தூக்கி வச்சு ஆடின அதே வாய், அதே தோட்டத்து மண்ணுல வந்த கோச்சைப் பார்த்து "தோட்டக்காட்டான்"ங்குதே, இது எந்த ஊர் நியாயம்?

மைதானத்துக்கு வர்ற அப்பாமாரே, அண்ணன்மாரே, கத்துங்க. ஏன் அந்த ஸ்ட்ரைக்கரை வெளியே உக்கார வச்சேன்னு கேளுங்க, ஏன் பின்னாடியே நின்னு ஆடுறீங்கன்னு கேளுங்க. கோச் பதில் சொல்லட்டும். அவர் தலையையும் நாக்கையும் பிறந்த லயத்தையும் விட்டுடுங்க. அந்த வார்த்தையைப் பக்கத்துல நிக்கிறவர் சொன்னா, சிரிக்காம "வாயை மூடு"ன்னு சொல்லுங்க.