ஆய்வகத்தை விடாத சட்டமன்ற உறுப்பினர்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 2015 நவம்பரில் நடந்த தேர்தலில், வெறும் 78 வாக்கு வித்தியாசத்தில் வென்று கீழவைக்குள் நுழைந்தார் ஆண்ட்ரூ ஸ்விக்கர். பிரின்ஸ்டன் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். குடியரசுக் கட்சியின் பிடியில் இருந்த தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று பெற்ற வெற்றி அது.

முந்தைய ஆண்டில் அவருக்குக் கிடைத்தது படுதோல்வி. நாடாளுமன்றத் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் போட்டியில் நால்வரில் கடைசியாக வந்தார். நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த உபேந்திர சிவுகுலாவும் அந்த நால்வரில் ஒருவர். அவர்கள் போட்டியிட்ட இடம், அதே ஆய்வகத்திலிருந்து போய் 16 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த இயற்பியலாளர் ரஷ் ஹோல்ட் விட்டுச் சென்றது. 1998-ல் மைக் பாப்பஸைத் தோற்கடித்துத்தான் ஹோல்ட் நாடாளுமன்றம் போனார். 2021-ல் ஸ்விக்கர் மாநில மேலவைக்கு நின்றபோது எதிரே நின்று தோற்றவரும் அதே பாப்பஸ்தான்.

விஞ்ஞானி வந்தால் சட்டங்கள் தாமாகச் சீராகிவிடும் என்று நான் நம்பவில்லை. அந்த ஆய்வகத்தின் பிளாஸ்மா உலை 1994-ல் 10.7 மெகாவாட் அணுப்பிணைவு ஆற்றலைத் தந்தது, மகத்தான சாதனை. ஆனால் வீட்டு வரியை எப்படி விதிப்பது என்பதற்கு அந்தப் படிப்பில் விடை கிடையாது. ஸ்விக்கருக்குக் கைகொடுத்தது வேறொன்று. ஆய்வகத்தின் அறிவியல் கல்விப் பணிகளுக்குத் தலைமை வகித்தவர் அவர். கடினமான விஷயத்தை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் புரியவைப்பது அவருடைய அன்றாட வேலையாக இருந்தது.

அதைவிடப் பெரிய காரணம், அவர் ஆய்வக வேலையை விடாமலேயே உறுப்பினராக இருக்க முடிந்ததுதான். நியூஜெர்சியில் சட்டமன்ற வேலை பகுதிநேரம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுச் சம்பளம் 49,000 டாலராகவே இருந்தது. பெரும்பாலோருக்கு இன்னொரு தொழில் வேண்டும். வழக்கறிஞர் ஐந்தாண்டு கழித்தும் தம் அலுவலகத்துக்குத் திரும்பலாம். ஆய்வை விட்டுப் போகிறவருடைய நிதி, கருவி, மாணவர்கள் எல்லாம் அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். தேர்தலில் நிற்கப் பல விஞ்ஞானிகள் தயங்குவது இதனால்தான் என்பது என் கணிப்பு. கோழைத்தனம் என்று அதைச் சொல்வது அநியாயம்.

கீழவையின் அறிவியல், புத்தாக்கம், தொழில்நுட்பக் குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். ஆனாலும் என் கண்ணில் முதலில் படுவது 2021-ல் வந்த முன்கூட்டிய வாக்களிப்புச் சட்டம். கீழவையில் அதை முன்மொழிந்தவர்களில் அவரும் ஒருவர். பொதுத்தேர்தலுக்கு முன்பே ஒன்பது நாட்கள் நேரில் போய் வாக்களிக்கலாம் என்றது அது. கூலி வேலைக்காரருக்கும் இரவுப் பணி செவிலியருக்கும் அந்த ஒன்பது நாட்கள் எவ்வளவு பெரிது!

விஞ்ஞானிகள் அரசியலுக்கு வரவேண்டும் என்று மேடையில் பேசும் பல்கலைக்கழகங்கள், முதலில் தங்கள் விடுப்பு விதிகளைத் திருத்தட்டும். பதவிக்காலம் முடிந்தவருக்கு அவருடைய பழைய வேலையைத் திருப்பித் தர உறுதி கொடுக்கட்டும்.