‘டா’ போடாதே மச்சான்

எங்கட பட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிங்கள நண்பன் “கேவாத?” என்று ஆங்கில எழுத்தில் கேட்டான். சாப்பிட்டாயா என்பதுதான் பொருள். கடைசி இரண்டு எழுத்தையும் ‘டா’ என்று வாசித்த எங்கட ஆள் ஒருத்தி, “யாருக்கு டா போடுறாய்?” என்று பாய்ந்தாள். சிங்களத்தில் அது கேள்விக்கு வருகிற ‘த’, எங்கட ‘ஆ’ மாதிரி. அன்றைக்கு முழுக்கப் பகிடிதான்.

மச்சான், அக்கா, அம்மா எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு விசயம் உறுத்துகிறது. அவங்கள் தமிழில் பிழைவிட்டால் “வடிவாக் கதைக்கிறாய்” என்று கைதட்டுகிறோம். நாங்கள் சிங்களத்தில் பிழைவிட்டால் அது ஸ்டிக்கராகிறது. அசைன்மென்ட் திகதி மாறினால் அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வரும். பகிடிக்கு இரண்டு மொழி, அலுவலுக்கு ஒன்று.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எங்கட குழுவுக்குள் அது இன்னும் வந்துசேரவில்லை.

பகிடியை நிறுத்தச் சொல்லவில்லை. எங்களோட தனகுற அளவுக்குத் தமிழ் பிடிச்சவன், அறிவித்தலையும் இரண்டு வரி தமிழில் போடலாம். பிழையாகவே போடட்டும். சிரிப்போம், திகதியைத் தெரிந்துகொண்டு சிரிப்போம்.