உறைந்த குழாயும் உடைந்த குழாயும்

தேனியில் குழாய்த் தண்ணீர் உறைந்து கட்டியாகுமா? ஆகாது. மார்கழி விடியலில் முகம் கழுவினால் உடம்பு சிலிர்க்கும், அவ்வளவுதான். சுருளி அருவியில் தலையைக் கொடுத்தவர் "ஐஸ் மாதிரி இருக்குடா" என்று அலறுவார். ஆனால் அது ஐஸ் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வெப்பநிலை பூஜ்ஜியத்தின் பக்கமே போவதில்லை.

அதனால் குளிர்நாட்டில் குழாய் உறையும் கதையை இங்கே எடுத்தால் டீக்கடையில் சிரிப்பார்கள். "ஏப்பா, இங்க குழாய்ல தண்ணி வர்றதே பெரிய விஷயம். இதுல உறையுதா உருகுதான்னு வேற பாக்கணுமா?"

கிண்டல் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு விஷயம் தப்பிப் போகிறது. உறையும் குழாயின் கதை குளிரைப் பற்றிய கதையே இல்லை. குழி தோண்டாதவர்களைப் பற்றிய கதை. குழி தோண்டாதவர்களுக்குத் தேனியில் என்ன பஞ்சம்?

முதலில் குழாய் எப்படி வெடிக்கிறது என்று பார்த்துவிடலாம். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். பத்தாம் வகுப்புப் பையனைக் கேட்டால், "ஐஸ் விரியும், குழாய் பிளக்கும்" என்பான். பாதிதான் சரி. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குழாயின் நடுவே ஐஸ் அடைப்பு உண்டாகி வளரும்போது, அந்த அடைப்புக்கும் மூடியிருக்கும் குழாய்த் திருகுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நசுங்குகிறது. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எந்த இடம் பலவீனமோ அங்கே பிளக்கிறது. ஐஸ் ஓரிடத்தில், வெடிப்பு வேறிடத்தில். வெளியே சுமார் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால் காப்பு இல்லாத குழாய்க்கு ஆபத்து என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

அதனால்தான் குளிர்நாடுகளில் "ராத்திரி குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வை" என்கிறார்கள். சொட்டினால் அழுத்தம் ஏறாது. உறைந்தே போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒழுங்கான முறை இருக்கிறது.

1. முதலில் குழாய்த் திருகைத் திறந்து வைக்க வேண்டும். உருகும் தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும்.

2. திறந்த முனையிலிருந்து தொடங்கி, அடைப்பை நோக்கிச் சூடு காட்டிக்கொண்டே போக வேண்டும். முடி உலர்த்தும் கருவி, வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணி... இவை போதும்.

3. நெருப்புக் காட்டக் கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. முதலாவது வீட்டைக் கொளுத்தும், இரண்டாவது குழாயைப் பிளக்கும்.

4. மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விரிசல் உறைந்திருக்கும்போது தெரியாது. உருகின பிறகுதான் வீடு முழுக்க வெள்ளம்.

டொரண்டோவில் படிக்கப் போயிருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். நல்ல குறிப்புகள்தான். ஆனால் இவற்றில் ஒரு சூது இருக்கிறது. எல்லாமே வீட்டுக்காரருக்குச் சொல்லப்படுபவை. நீ சொட்ட விடு, நீ துணி சுற்று, நீ ராத்திரி எழுந்து பார். குழாயைப் போட்டவன் எங்கே போனான்?

பிரிட்டனில் 1999-இல் வந்த தண்ணீர்க் குழாய் விதிகள், வீட்டுக்கு வரும் குழாய் குறைந்தது 750 மில்லிமீட்டர் ஆழத்தில் கிடக்க வேண்டும் என்கின்றன. இரண்டரை அடி மண். அதைவிடக் கடுங்குளிர் உள்ள இடங்களில் இன்னும் ஆழம். மேலே எத்தனை குளிர் அடித்தாலும் ஓர் ஆழத்துக்குக் கீழே மண் உறையாது. அந்த மட்டத்துக்குக் கீழே குழாயைப் போட்டுவிட்டால், தெருக்குழாயைப் பொறுத்தவரை முக்கால்வாசிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்தது. யாரும் ராத்திரி எழுந்து எதையும் சொட்ட விட வேண்டாம்.

போடாத இடத்தில் என்ன ஆகிறது? ஸ்ரீநகரைப் பாருங்கள். டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் அங்கே 'சில்லை கலான்' என்னும் கடுங்குளிர்க் காலம். 2024-இல் அது தொடங்கியபோது மைனஸ் 8.5 டிகிரி. ஒவ்வொரு ஆண்டும் இதே காட்சிதான். விடிந்ததும் தெருவில் காகிதமும் சருகும் கொளுத்திக் குழாயடியில் பிடிக்கிறார்கள், கெட்டிலில் வெந்நீர் கொண்டு வந்து ஊற்றுகிறார்கள். சில்லை கலான் திடீரென்று வந்த விருந்தாளியா? பல நூறு வருடமாகத் தேதி சொல்லிவிட்டு வருகிற குளிர். அதற்குப் பிறகும் குழாய் வெளியே கிடந்தால் அதற்குப் பெயர் இயற்கைச் சீற்றமா?

டெக்சாஸ் இன்னும் மோசம். வெயில் மாநிலம், குளிர் எங்கே வரப் போகிறது என்று வெளிச்சுவரிலும் கூரைக்கடியிலும் காப்பில்லாமல் குழாய் ஓட்டினார்கள். 2011-இலேயே ஒரு குளிர் அடித்து மின் நிலையங்கள் படுத்தன. குளிருக்குத் தயாராகுங்கள் என்று மத்திய அமைப்பு அறிக்கை கொடுத்தது, யாரும் கட்டாயமாக்கவில்லை. பிப்ரவரி 2021-இல் மறுபடி அடித்தது. 45 லட்சம் வீடுகளில் மின்சாரம் போனது, வீடு வீடாகக் குழாய் வெடித்தது, ஒரு கோடியே நாற்பது லட்சம் பேருக்குத் "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று அறிவிப்பு வந்தது. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள்.

'கொதிக்க வைத்துக் குடியுங்கள்'... இந்த வாசகத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா?

இப்போது தேனிக்கு வரலாம். பள்ளத்தாக்கின் எந்தக் கிராமத்திலும் ஒரு சந்துக்குள் நுழைந்து தரையைப் பாருங்கள். சாக்கடைக்குள்ளேயே வீட்டு இணைப்புக் குழாய்கள் கொத்தாக ஓடுவது ஒன்றும் அபூர்வக் காட்சி இல்லை. சில இடங்களில் சிமென்ட் சாலைக்கு மேலேயே பி.வி.சி. குழாய், அதன் மேல் டூவீலர். வெயிலில் கிடந்த பி.வி.சி. வெளுக்கும், நாளாக நாளாக நொறுங்கும் தன்மை வரும். இங்கே உறைபனி செய்ய வேண்டிய வேலையைச் சித்திரை வெயிலும் டிராக்டர் சக்கரமும் செய்கின்றன.

உடைந்தால் தண்ணீர் வீணாகிறது என்பது மட்டும் இல்லை, உண்மையான ஆபத்து தண்ணீர் வராத நேரத்தில்தான். சப்ளையை நிறுத்தியதும் பள்ளத்தில் இருக்கும் பகுதிக்குத் தண்ணீர் இறங்கிவிடும். மேட்டுப் பக்கக் குழாய் காலியாகும்போது உள்ளே உறிஞ்சும் விசை உண்டாகிறது. விரிசல் விட்ட குழாய் சாக்கடைக்குள் கிடந்தால் எதை உறிஞ்சும்? அடுத்த முறை திறக்கும்போது முதல் நாலு குடம் கலங்கலாக வருவதன் ரகசியம் இதுதான். பிறகு வாந்தி பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை. உடனே ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு: "பொதுமக்கள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்."

டெக்சாஸ்காரனுக்குச் சொன்ன அதே வாசகம். போட்டவன் தப்பு, குடிப்பவன் தலையில்.

காய்ச்சுவது யார்? விடிவதற்கு முன்னால் எழுந்து சோறாக்கி, ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறி, குமுளிப் பக்கமும் போடிமெட்டுப் பக்கமும் மலையேறும் பெண்கள். சாயங்காலம் வந்து குடத்தோடு நின்று பிடித்த தண்ணீரை இன்னொரு அடுப்பேற்றிக் காய்ச்ச வேண்டுமாம். கேஸ் விலையை யார் கொடுப்பது?

"ஜனங்களே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களே" என்பார்கள். உண்மைதான், மோட்டார் வைப்பது தப்பு. அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் போகாது, சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். ஆனால் வழியெல்லாம் ஒழுகி அழுத்தமே இல்லாமல் போன குழாயில் மோட்டார் வைக்காதவனுக்கு என்ன கிடைக்கிறது? காற்று!

"பாறை பூமி சார், தோண்ட முடியாது" என்பது அடுத்த சாக்கு. ஆற்றோரக் கிணற்றிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தோட்டத்துக்குக் குழாய் கொண்டு போகிற விவசாயியை இதே பள்ளத்தாக்கில் பார்க்கலாம். ஜே.சி.பி.யை வாடகைக்குப் பிடித்து, ஏர் படாத ஆழத்துக்குக் குழி பறித்து, மெயின் லைனைப் புதைத்து, மண்ணைத் தள்ளிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். வெயிலில் போட்டால் பைப் போச்சு என்று அவருக்கு எந்தப் பொறியாளரும் பாடம் எடுக்கவில்லை. சொந்தக் காசு, அதனால் குழி ஆழமாகிறது. ஊர்க் காசு என்றால் அதே மண் பாறையாகிவிடுகிறது.

"வெளியே கிடந்தால் உடைப்பைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்" என்று ஒரு வாதமும் உண்டு. சாக்கடைத் தண்ணீருக்குள் ஒழுகுவதை எந்தக் கண்ணாடி போட்டுக் கண்டுபிடிப்பது?

1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபோது, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுயிக் பெயரைப் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள், பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் மலையைக் குடைந்து வந்த தண்ணீருக்குத் தெருவில் மூன்றடி குழி கிடைக்கவில்லை என்பது அவருக்கு வைக்கிற பொங்கலா, அவமரியாதையா?

ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் கணக்கு. வீட்டுக்கு வீடு நீல நிறத்தில் குழாய் முளைத்தது, நல்லது. மேடையில் எண்ணப்படுவது குழாய்களின் எண்ணிக்கை. குழியின் ஆழத்தை எந்த மேடையிலும் எண்ணுவதில்லை. குழி மூடிய பிறகு யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் வசதி.

ஆகவே மூடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். தையற்கடை டேப் போதும். தெருவில் குழி வெட்டுகிற அன்று நாலு பேர் நின்று அளந்து, டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்தால் போதும். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராமசபை கூடுகிறது. அந்தப் போட்டோவை அங்கே நீட்டி, "ஒப்பந்தத்தில் எத்தனை அடி? இங்கே எத்தனை அடி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.

ஸ்ரீநகர்க்காரர் குழாயடியில் சருகு கொளுத்துகிறார், தேனிக்காரர் அடுப்பில் தண்ணீர் காய்ச்சுகிறார். இரண்டு நெருப்பும் ஒரே குழிக்காக எரிகிறது, யாரோ வெட்டாமல் விட்ட குழிக்காக.