கூலிக்குப் பதில் கோப்பை

ஒயினைப் பற்றி நமது ஏட்டில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். கூலிப் பிரச்சினை என்பதால்தான் எழுதுகிறோம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், ஸ்டெல்லன்பாஷ் ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1925இல் பேராசிரியர் பெரால்டு அங்கே உருவாக்கிய பினோடாஜ் ரகத்தோடு வேறு ரகங்களையும் கலந்து செய்யும் சிவப்பு ஒயினுக்குக் 'கேப் கலவை' என்று பெயர். அதன் சுவையைப் பாடுவோர் பாடட்டும்.

அந்த மண்ணைக் கொத்த டச்சுக் கம்பெனி அடிமைகளைக் கப்பலேற்றியது. மடகாஸ்கரிலிருந்து, வங்கத்திலிருந்து, நமது சோழமண்டலக் கரையிலிருந்தும். 1838இல் அடிமைகள் விடுதலையானார்கள். 'டாப்' முறை மட்டும் போகவில்லை. கூலியில் ஒரு பங்கை மட்டரக ஒயினாகவே ஊற்றிக் கொடுப்பது, அதுவும் ஒரே நாளில் பல தடவை! விலைபோகாத சரக்கும் தீர்ந்தது. ஆளும் தோட்டத்தை விட்டு நகரவில்லை. 1960களின் தொடக்கத்தில் சட்டம் தடுத்தும், 1990கள் வரை சில தோட்டங்களில் நடந்தது. தாய் குடித்த மதுவால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகில் மிக அதிகமாக உள்ள இடங்களில் மேற்கு கேப் மாகாணமும் ஒன்று.

"குடிகாரப் பயல்களுக்குக் காசு எதற்கு?" நம் காதிலும் விழுந்த பேச்சுதான் இது. ஊற்றிக் கொடுத்தவன் யார் என்று நாம் கேட்கிறோம்.

2012 நவம்பரில், அதே மாகாணத்தின் டி டூர்ன்ஸில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குறைந்தபட்ச நாள் கூலி அப்போது 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. 2013 மார்ச்சில் அரசு அதை 105 ஆக்கியது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லைதான். ஆனாலும் ஒரே தடவையில் 36 ராண்ட் கூடியது.