மலையேறும் ஸைக்கிள்

கல்லிலும் முள்ளிலும் ஸைக்கிள் விடுவது சிவகாசிப் பக்கத்துப் பையன்களுக்கு நித்தியப்படி விஷயம். அதையே மலைமீது செய்தால் ஒலிம்பிக் பந்தயம்! 1996-ல் அட்லாண்டாவில் அதற்கு அந்த அந்தஸ்து கிடைத்தது.

இவ்விளையாட்டு வளர்ந்த கதை வெகு வேடிக்கையானது. 1976-ல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய ஸைக்கிள்களில் ஏறி மலைச்சரிவிலே பந்தயம் விட்டார்கள். அடிவாரம் வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்துப் பிரேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸெல்லாம் புகையாய்ப் போய்விடும். பிரித்துப் புதிதாக அடைத்தால்தான் அடுத்த சவாரி. ஆகவே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை' என்பதே பந்தயத்தின் பெயராயிற்று!

ஆசிய மலை ஸைக்கிள் பந்தயம் 2023 அக்டோபரில் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடந்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை. அந்த மலைத்தொடர்தானே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கேயும் நிற்கிறது, அங்கும் ஒரு பந்தயம் வைத்தாலென்ன என்று நம் வாலிபர்கள் கேட்கலாம். கூடாது என்பதே நமது அபிப்பிராயம். சாம்பல் நிற அணில் வாழும் அந்தக் காடு, 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. கொடியும் விஸிலுமாகக் கூட்டம் நுழைவதற்கு அது இடமன்று.

கரிசற்காட்டு வண்டிப்பாதையும் கண்மாய்க் கரையும் இருக்கின்றனவே! ஓட்டப் பந்தயமும் ஸைக்கிள் பந்தயமும் அங்கே தாராளமாக நடத்தலாம். பட்டாசுச் சாலைகளுக்கு வெகு தூரம் தள்ளியே பாதை அமையட்டும். மாசி மாதம் உத்தமம். ஐப்பசி மழையில் வைத்தால், கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, பந்தயக்காரர்தான் ஸைக்கிளைச் சுமந்து ஓட நேரிடும்.